இணைப்பு என்னும் ஒரு சொல்லும் ஆங்கில வழக்கும்: மதுரங்குளிக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மதுரங்குளி என்னும் ஊர்ப்பெயரே ஒரு புணர்ச்சி. முன்னிற்கும் சொல்லின் ஈற்று மகரம், பின்வரும் 'குளி' என்பதன் ககரத்தோடு மோதி, அதற்கு இனமான ஙகரமாகத் திரிந்து நிற்கிறது. மரம் என்பது மரங்கள் ஆகுமாறு போன்றதே இது. பெயரின் பொருளைப் பற்றி எவ்விளக்கம் கூறப்படினும் இவ்வொலித் திரிபில் ஐயமில்லை. ஆங்கில எழுத்தில் இப்பெயர் எழுதப்படும்பொழுது அந்த ஙகரம் வெறும் னகரமாகத் தோன்றுகிறது. சிங்கள வழக்கிலோ ஈற்றில் ஒரு யகரம் ஏறி 'மதுரங்குளிய' என நிற்கிறது. மூன்று மொழிகளும் ஒரே பெயரை வெவ்வேறு விதமாகப் பொருத்திக்கொண்டன.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலே நெடுஞ்சாலையும் இருப்புப் பாதையும் தொட்டுச் செல்லும் இவ்வூரைச் சூழ்ந்த நிலப்பரப்பு, இணைப்பு வேலைகளுக்குப் பெயர்பெற்றது. தெற்கே முந்தல் களப்பும் வடக்கே புத்தளம் களப்பும் உள்ளன. இரண்டையும் சேர்க்கும் நீர்வழி இன்றும் ஒல்லாந்தர் கால்வாய் என்றே வழங்கப்படுகிறது. கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், கற்பிட்டி என நீண்டு கிடந்த கரையோர நீர்நிலைகளை வெட்டிச் சேர்த்துச் சரக்குப் படகுகள் கடலிற் புகாமலே செல்ல வழிசெய்தமை ஒல்லாந்தர் காலத்துப் பெருமுயற்சிகளுள் ஒன்று. 1795-96இல் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அந்நீர்வழியையும் உடன் பெற்றனர். அதன்பின் நெடுஞ்சாலை வந்தது. 1926இல் புகையிரதப் பாதை புத்தளத்தை எட்டியது. தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் சிங்களவரும் அயலயலாக வாழும் இக்கரையில், 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலானோர் இந்தப் புத்தளம் மாவட்டத்திலேயே வந்து தங்கினர்.

இக்கால்வாயைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 'இரு களப்புகளையும் இணைக்கும் கால்வாய்' என்பர். அதே எழுத்தாளர் 'புகையிரதப் பெட்டிகளை இணைத்தல்', 'கயிறுகளை இணைத்தல்', 'இரு குடும்பங்களை இணைத்த திருமணம்', 'கடிதத்துடன் இணைத்த பத்திரம்', 'இரு மாகாணங்களின் இணைப்பு' என்றும் தயங்காது எழுதுவர். நீர் வழங்கலும் இணைப்பு, மின்சாரமும் இணைப்பு, தொலைபேசியும் இணைப்பு. அறிக்கையின் பின்னே சேர்க்கப்படும் தாள் 'இணைப்பு 1'. வேலைகளை ஒழுங்குசெய்பவர் இணைப்பாளர். ஒரே சொல் ஓர் அலுவலகம் முழுவதையும் சுமந்து நிற்கிறது.

ஆங்கிலத்தில் இவற்றுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வினையைக் கேட்கும். கால்வாய் களப்புகளை 'லிங்க்' செய்யும், அல்லது 'கனெக்ட்' செய்யும். பெட்டிகள் 'கப்பிள்' செய்யப்படும். கயிறுகளை முடிச்சிட்டாற் கட்டுதல். புரிகளைப் பின்னிச் சேர்த்தால் 'ஸ்பிளைஸ்'. குடும்பங்கள் திருமணத்தால் 'யுனைட்' ஆகலாம். கயிறுகள் ஒருபோதும் ஆகா. பத்திரம் 'அட்டாச்' செய்யப்படும். முறிந்த எலும்பு 'நிட்' ஆகும், அதாவது நூல்போற் பின்னிக்கொள்ளும். தமிழ்வழி ஆங்கிலம் கற்ற மாணவன் கயிற்றை 'யுனைட்' செய்தான் என்று எழுதும்பொழுது இலக்கணம் பிழைப்பதில்லை. எழுவாய், பயனிலை, காலம் யாவும் செவ்வனே அமைந்திருக்கும். ஆயினும் ஆங்கிலேயன் செவிக்கு அது ஒவ்வாது.

இவ்வகைப் பிழைக்குப் பழந்தமிழிலக்கணம் பெயரிட்டிருந்தது. யானை மேய்ப்பவனைப் பாகன் என்னாது இடையன் என்பதும், ஆடு மேய்ப்பவனை இடையன் என்னாது பாகன் என்பதும் மரபு வழு என்பர். தொல்காப்பியத்துக் கிளவியாக்கம் இதனினும் நுண்ணியதொரு விதியைக் கூறுகிறது. பல வினைகளுக்கு உரிய பொருள்களைத் தொகுத்துக் கூறும் பொதுச்சொல்லுக்கு, அவ்வினைகளுள் ஒன்றை மட்டும் முடிபாகக் கொடுத்தல் ஆகாது. அடிசில் என்பதனுள் தின்பனவும் பருகுவனவும் அடங்குதலின், 'அயின்றார்' என்றாற் போன்ற பொதுவினை வேண்டும் என்பது உரையாசிரியர் காட்டும் விளக்கம். இசைக்கருவிகளை இயம் எனத் தொகுத்துக் கூறியபின் ஊதினார் என்றாலும் வழு, கொட்டினார் என்றாலும் வழு. பெயருக்கு ஏற்ற வினை எது என்னும் இக்கேள்வியே இன்றைய மொழியியலார் சொற்சேர்க்கை என ஆராயும் பொருள்.

ஆங்கில மொழியுலகில் இப்பொருளை முதன்மைப்படுத்தியோர் பலர் ஆசிய மாணவர்க்குக் கற்பித்தவர்கள் என்பது தற்செயலன்று. ஹரோல்ட் பாமர் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றிய தமது அறிக்கையை 1933இல் டோக்கியோவில் வெளியிட்டார். ஹோன்பியும் அவர்தம் துணைவரும் தொகுத்த, பிறமொழி மாணவர்க்கான மரபுத்தொடர் அகராதி 1942இல் அந்நகரிலேயே அச்சேறியது. சொல்லின் பொருளை அதன் உடனிகழ் சொற்களால் அறிய வேண்டும் என்று வற்புறுத்திய ஜே. ஆர். பேர்த், 1919 முதல் 1928 வரை லாகூரிலே பேராசிரியராக இருந்தவர். தாய்மொழியாளனுக்கு இயல்பாகப் புலப்படும் ஒன்று பிறர் தவறும்பொழுதுதான் ஆராய்ச்சிப் பொருளாகிறது.

ஆயினும் இம்முயற்சிகளுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, மதுரங்குளிக்கு அணித்தான கற்பிட்டியிற் பிறந்த ஒருவர், துணைநூல் பெரிதும் இல்லாத காலத்தில், இச்சிக்கலை நாள்தோறும் எதிர்கொண்டார். அவர் சைமன் காசிச்செட்டி. 1807இற் பிறந்து 1860இல் மறைந்தவர். புத்தளப் பகுதியில் மணியகாரராகவும் பின்னர்ச் சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றியவர். 1838இல் சட்டநிரூபண சபையில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இருபத்தேழாம் வயதில், 1834இல், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரநிரலில் விவரிக்கும் இலங்கை கெசற்றியரை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பரதவர் வரலாறு பற்றிய அவர் கட்டுரை 1837இல் ரோயல் ஆசியச் சங்கத்தின் இலண்டன் இதழில் இடம்பெற்றது.

கெசற்றியர் என்னும் நூல்வகையின் இயல்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதன் ஒவ்வொரு பதிவும் ஓர் இணைப்பைக் கூறுவது. இவ்வாறு எதிற் கலக்கிறது, இச்சாலை எங்கே பிரிகிறது, இத்தீவு எதனோடு ஒட்டியுள்ளது, இவ்வூர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்பனவே அதன் உயிர். தமிழில் ஆறு களப்பிற் கலக்கும், சாலை சாலையைச் சந்திக்கும், தீவு கரையை ஒட்டும், ஊர் மாவட்டத்தைச் சேரும். ஆங்கிலத்திலும் இவை நான்கும் நான்கு வினைகள். ஆனால் அந்நான்கும் இந்நான்குக்கு நேர் அல்ல. தமிழில் 'சேர்' என்பது ஊருக்கும் பொருந்தும், ஆற்றுக்கும் பொருந்தும், கட்சிக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் ஆறு ஆற்றை 'ஜொயின்' செய்யும். ஊர் மாவட்டத்தை 'ஜொயின்' செய்தது என்றாலோ அது ஓர் எல்லை மாற்றத்தைக் குறித்துவிடும். இத்தகைய நூலொன்றை இளம் வயதிலே தனியொருவராக எழுதி முடித்தமையின் அருமை, அதன் செய்தித் தொகுதியால் மட்டும் அளக்கப்படுவதன்று.

1859இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த அவருடைய தமிழ்ப் புளூட்டாக் இன்னொரு வகைச் சான்று. ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்திற் கூறும் அந்நூலுக்குப் 'புலவர் சரித்திரம்' என்பதன் நேர்மொழிபெயர்ப்பை அவர் பெயராக இடவில்லை. கிரேக்கரையும் உரோமரையும் இணைகளாக வைத்து எழுதிய புளூட்டாக்கின் பெயரையே எடுத்துக்கொண்டார். ஆங்கிலம் அறிந்தோர் அனைவருக்கும் பழக்கமான ஒரு பெயரோடு அவருக்கு முற்றிலும் புதியதான ஒரு புலமை மரபு பிணைக்கப்பட்டது. புளூட்டாக்கின் நூலமைப்பு இதில் இல்லை. புலவர்கள் இணைகளாக நிறுத்தப்படவும் இல்லை. ஆகவே தலைப்பு கண்டிப்பாகப் பொருந்துவதன்று. ஆங்கிலச் செவிக்கு இயல்பாக ஒலிக்கும் தொடரைத் தேடுவோர் கொடுக்கும் விலை இது என்று கொள்ளலாம்.

காசிச்செட்டியின் காலத்து அகராதிகள் இத்தேர்வில் எவ்வளவு உதவியிருக்கும்? யாழ்ப்பாணத்து மிசனரிமாரின் உழைப்பில் உருவான தமிழ் அகராதி 1842இல் வெளிவந்தது. யோசப் நைற் தொடங்கி வைத்த தமிழ்-ஆங்கிலப் பெருமுயற்சி பலர் கைமாறி, மிரன் வின்சிலோவால் 1862இல் நிறைவுற்றது. காசிச்செட்டி அதனைக் காணவில்லை. ஆங்கிலத்தில் ஜோர்ஜ் கிராப் 1816இலேயே ஒருபொருட் பன்மொழிகளை வேறுபடுத்தி விளக்கும் நூலொன்றை வெளியிட்டிருந்தார். பீற்றர் ரோஜே 1852இற் பொருள்வாரியாகச் சொற்களைத் தொகுத்தபொழுது இணைப்பு, பிரிப்பு, பிணிக்கும் கருவி, ஒட்டு, கலப்பு எனத் தனித்தனித் தலைப்புகளையே வகுத்தார். திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் கற்ற தமிழனுக்கு இவ்வமைப்பு புதிதன்று. நிகண்டு நெடுங்காலமாகச் செய்த பணியே அது. ஆனால் நிகண்டுக்கும் ரோஜேக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இரண்டும் சொற்களை அடுக்கிக் காட்டும். எந்தப் பொருளோடு எந்தச் சொல் செல்லும் என்று கூறா. முன்னரே மொழி அறிந்தவனுக்கு அவை நினைவூட்டும் கருவிகள், அறியாதவனுக்குப் பொறிகள்.

அச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்று நோக்கினாற் சில முடிச்சுகள் அவிழ்கின்றன. 'ஜொயின்' என்பது இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நுகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் வடமொழி யோகமும் அதனோடு ஒருவேரின. எனவே பூட்டப்பட்ட எருதுகளைப்போற் சேர்ந்தவை தத்தம் வடிவோடு நிற்கும், அவிழ்த்தாற் பிரியும். 'லிங்க்' என்பது வடபுல மொழிகளிற் சங்கிலி வளையத்தைக் குறித்த சொல். வளையங்கள் தொட்டு நிற்குமேயன்றி ஒன்றாவதில்லை. 'கனெக்ட்' கட்டுதல் என்னும் பொருளது. 'அனெக்ஸ்' என்பதும் அதே வேரின. ஆனால் அதிற் பெரியதோடு சிறியது கட்டப்படும். 'யுனைட்' என்பதன் அடி ஒன்று என்னும் எண்ணுப்பெயர். ஆதலின் சேர்ந்தவை ஒரே முழுமை ஆதல் வேண்டும். பெரும்பாலும் மனமுடைய மக்களையும் அவர்தம் அமைப்புகளையுமே அது நாடும். ஒன்று என்னும் பொருள் அதனுள்ளேயே கிடத்தலின், 'ஒன்றாக யுனைட் செய்தனர்' என மாணவர் எழுதுவது மிகைபடக் கூறலாகும். 'ஸ்பிளைஸ்' ஒல்லாந்த மாலுமிகளிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற சொல். கயிற்றின் புரிகளை முதலிற் பிரித்த பின்னரே பின்ன முடியும் ஆதலின், பிளத்தல் என்னும் கருத்து அதன் அடியில் உள்ளது. ஒல்லாந்தர் இக்கரைக்குக் கால்வாயைத் தந்தவாறே ஆங்கிலத்துக்கு அச்சொல்லைத் தந்தனர் என வேடிக்கையாகக் கூறலாம்.

'மேர்ஜ்' என்பதன் வரலாறு தனித்து நோக்கற்பாலது. அமிழ்த்துதல் என்பதே அதன் மூலப்பொருள். ஆங்கிலச் சட்டத்தில் ஒரே நிலத்தின்மீதுள்ள சிற்றுரிமை பேருரிமையுள் அமிழ்ந்து மறைவதைக் குறிக்க அது வழங்கியது. அமிழ்ந்தது மீண்டும் எழுவதில்லை. இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

கொடுக்கல் ஒருபக்கத்தது மட்டுமன்று. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தினுட் புகுந்தது. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயணநூலில் அது இடம்பெற்றுள்ளது. கட்டப்பட்ட மரம் என்னும் இவ்விணைப்புச் சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரட்டை உடலுடைய பாய்க்கப்பலுக்கு ஆகிவந்தது. கட்டும் போயிற்று, மரமும் போயிற்று, ஒலி மட்டும் 'கட்டமரான்' என நிலைத்தது. புணர்ச்சியைக் குறிக்கும் சந்தி என்னும் வடசொல்லை ஆங்கில மொழியியலார் அப்படியே எடுத்துக்கொண்டதும் இத்தகையதே. இலங்கைத் தமிழில் அச்சந்தியே தெருக்கள் கூடுமிடத்தின் பெயராகவும் உள்ளது. இலங்கை ஆங்கிலத்தில் அதனை 'ஜங்ஷன்' என்பர். இங்கிலாந்தின் சிற்றூர்களில் அவ்வாறு முகவரி சொல்வார் அரியர். எனினும் புத்தளம் வீதியில் பேருந்திலிருந்து இறங்கும் ஒருவருக்கு அதுவே இயல்பான ஆங்கிலம். இயல்பு என்பது யாருடைய இயல்பு என்னும் கேள்வியை எழுப்பாமல் இப்பொருளை ஆராய்தல் இயலாது.

இனி, தமிழில் 'இணைப்பு' எவ்வாறு இத்துணைப் பெருஞ்சொல்லாயிற்று என்பதைக் காண்டல் வேண்டும். தமிழ் இயல்பில் வறிய மொழியன்று. பூவைத் தொடுப்பர், மணியைக் கோப்பர், கூந்தலை முடிப்பர், ஓலையைப் பின்னுவர், சாக்கை மூட்டுவர், பலகையைப் பொருத்துவர், தாளை ஒட்டுவர். வலையும் கயிறும் கொண்டு தொழில் செய்யும் இக்கரையில் இவ்வேறுபாடுகளை எவரும் மயங்குவதில்லை. மயக்கம் அலுவலகத்தில் தொடங்கியது. 1956இன் பின் சுயமொழி நிருவாகமும், 1960இலிருந்து பல்கலைக்கழகக் கலைத்துறைகளிற் சுயமொழிப் போதனையும் வந்தபொழுது, ஆங்கிலப் பத்திரங்களை விரைந்து தமிழாக்கும் தேவை எழுந்தது. பல ஆங்கிலச் சொற்களுக்கு ஒரே ஈடு போதும் எனக் கொள்ளப்பட்டது. கனெக்ஷன், லிங்க், அனெக்ஸ், மேர்ஜர் யாவும் 'இணைப்பு' ஆயின. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்பொழுது இதனாற் பெருங்குறை தோன்றவில்லை. சூழல் பொருளை உணர்த்திவிடும். ஆனால் அத்தமிழையே படித்து வளர்ந்த தலைமுறை மீண்டும் ஆங்கிலம் எழுதப் புகும்பொழுது, ஒரே வாயிலின் முன் பல பாதைகள் கிளைக்கின்றன. மாணவனின் பிழை அவனுடைய சோம்பலால் மட்டும் வந்ததன்று; மொழிபெயர்ப்பின் வரலாறும் அதில் உண்டு.

இப்பிழை வகுப்பறையோடு நின்றிருந்தால் ஒரு வரலாற்றுக் கட்டுரைக்கு இடமில்லை. நாட்டின் ஆட்சி வரலாறே இணைப்புச் சொற்களால் எழுதப்பட்டுள்ளது. 1845இல் புத்தளமும் சிலாபமும் குருநாகற் பகுதியோடு சேர்க்கப்பட்டு வடமேல் மாகாணம் உருவாயிற்று. தொடக்கத்திற் புத்தளம் அதன் தலைநகராக இருந்து, 1856இல் அந்நிலையைக் குருநாகலுக்கு விட்டுக்கொடுத்தது. அன்று எவரும் சொல் குறித்து வழக்காடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறியது. 1949 டிசம்பரிற் செல்வநாயகம் முதலியோர் தொடங்கிய கட்சிக்குத் தமிழில் இலங்கைத் தமிழரசுக் கட்சி என்றும் ஆங்கிலத்திற் பெடரல் கட்சி என்றும் பெயரிட்டனர். 'பெடரல்' என்பதன் அடி உடன்படிக்கை என்னும் இலத்தீன் சொல். ஒப்பந்தத்தாற் சேர்தல் என்பது ஆங்கிலப் பெயரின் உட்கிடை. தமிழ்ப் பெயரிலோ சேர்தல் என்னும் கருத்தே இல்லை. இரு பெயர்களுக்கும் இடைப்பட்ட இவ்வெளி எதிரிகளின் ஐயங்களுக்கு நெடுங்காலம் இடமளித்தது. தமிழ்ப் பெயரைத் தெரிந்தோர் அது ஆங்கிலத்தில் எவ்வாறு கேட்கும் என்றும், ஆங்கிலப் பெயரைத் தெரிந்தோர் அது தமிழில் எவ்வாறு கேட்கும் என்றும் ஒருசேர எண்ணவில்லை போலும்.

1987 ஜூலை 29இல் கைச்சாத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகம், அயல் மாகாணங்கள் 'ஜொயின்' செய்து ஒரே நிருவாக அலகாகலாம் என்றும், மக்கள் தீர்ப்பின் வழி மீண்டும் பிரியலாம் என்றும் கூறியது. நுகத்தில் பூட்டி அவிழ்க்கும் சொல் அது. ஒப்பந்தத்தின் தற்காலிகத் தன்மைக்கு மிகப் பொருத்தமானது. 1988 செப்டெம்பரில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்பட்டன. ஆனால் ஆங்கில ஏடுகளும் மேடைகளும் அதனை 'மேர்ஜர்' என்றே வழங்கின. அமிழ்ந்து மறைதலைக் கூறும் சொல்லால், பிரியக்கூடிய ஒரு சேர்க்கை குறிக்கப்பட்டது. கிழக்கின் முஸ்லிம்களிடையேயும் சிங்களவரிடையேயும் இருந்த அச்சம் எது என்பதைச் 'ஜொயின்' சொல்லாது, 'மேர்ஜர்' சொல்லிவிடும். சொல் அச்சத்தை உண்டாக்கியது என்பது மிகையாகும். அச்சத்துக்கு அது வடிவம் கொடுத்தது என்பது தகும். தமிழிலோ இரண்டும் 'இணைப்பு' ஆனமையால் இவ்வேறுபாடு தமிழ் வாசகர் கண்ணிற் படவேயில்லை. 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் அச்சேர்க்கை செல்லாது எனத் தீர்த்து, 2007 ஜனவரி 1இல் மாகாணங்கள் பிரிந்தபொழுது, ஆங்கில ஏடுகளுக்கு 'டீமேர்ஜர்' என்னும் விகாரமான சொல்லை நாட வேண்டியதாயிற்று. அமிழ்ந்ததை மேலே இழுக்க வேறு சொல் ஏது?

அதே 1987இன் நவம்பரிற் சான்றுரைக்கப்பட்ட பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை 'லிங்க் லாங்குவேஜ்', அதாவது இணைப்பு மொழி, என விதித்தது. இத்தொடர் 1960களில் இந்தியாவின் மொழி விவாதங்களிற் பெருவழக்கடைந்தது. இங்கிலாந்து நூலாசிரியர் பெரும்பாலும் 'லிங்குவா பிராங்கா' என்பதையே நாடுவர். எனினும் இச்சொற்றேர்வு நுட்பமானது. பொது மொழி என்றாற் சொந்த மொழிகளுக்கு இடமின்றிப் போகலாம்; ஒன்றாக்கும் மொழி என்றால் அவை கரைந்து போகலாம். வளையமோ இரண்டைத் தொட்டுக்கொண்டு தான் வேறாக நிற்கும். தெற்காசியாவிற் பிறந்த இவ்வாங்கிலம் இலண்டன் ஆங்கிலத்தினும் செம்மையாகத் தன் பணியைச் செய்கிறது. இயல்பான ஆங்கிலம் இறக்குமதிப் பொருள் மட்டுமே என எண்ணுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இச்சொல்வரலாற்றின் மிகத் தீவிரமான கட்டம் நீதிமன்றத்திலே நிகழ்ந்தது. தமிழரசுக் கட்சி தனது யாப்பிற் 'சமஷ்டி' என்றிருந்த இடத்தில் 'இணைப்பாட்சி' என்னும் சொல்லை இட்டிருந்தது. வடசொல்லுக்குப் பதிலாகத் தமிழ்ச்சொல் என்பதே கட்சித் தரப்பின் விளக்கம். மனுதாரர் தரப்போ இச்சொல் மாற்றம் 'பெடரல்' என்பதைக் கைவிட்டு, தனியரசுகளின் கூட்டான 'கன்பெடரேஷன்' நோக்கிச் செல்வதாகும் என்றும், அது பிரிவினையே என்றும் வாதிட்டது. தமிழ் இணைப்பு ஒன்றுக்கு ஆங்கிலத்தில் எவ்விணைப்பு நேர் என்னும் கேள்வியில், ஓர் அரசியற் கட்சியின் சட்ட நிலையே தங்கியிருந்தது. 2017 ஓகஸ்ட் 4இல் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காது, பிளவுபடாத நாட்டினுட் சமஷ்டி கோருதல் பிரிவினை ஆகாது எனத் தீர்ப்பளித்தது.

அதற்கு ஏழு வாரங்களின் பின், செப்டெம்பர் 21இல், புதிய யாப்புக்கான வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை வெளிவந்தது. 1972ஆம், 1978ஆம் ஆண்டு யாப்புகள் இரண்டும் ஆங்கிலத்தில் 'யுனிட்டரி' என்றும் தமிழில் ஒற்றையாட்சி என்றும் கூறிய அரசின் இயல்பை எவ்வாறு மொழிவது என்பது அதன் முன்னிருந்த சிக்கல்களுள் ஒன்று. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்தோடு 1707இலும் அயர்லாந்தோடு 1801இலும் சேர்ந்து ஐக்கிய இராச்சியமாயிற்று. ஒற்றையாட்சிக்கு எடுத்துக்காட்டாக ஏடுகளிற் கூறப்பட்ட அந்நாட்டிலேயே, 2014இல் ஸ்கொட்லாந்து பிரிவது பற்றி மக்கள் வாக்களிக்க முடிந்தது. வட அயர்லாந்துக்கும் அத்தகைய வழி திறந்துள்ளது. ஆகவே அவ்வாங்கிலச் சொல் பிளவுபடாமையை உறுதிசெய்யாது என அறிக்கை கருதியது. சிங்களத்தில் 'ஏக்கீய ராஜ்ய' என்பதும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்பதும் முன்மொழியப்பட்டன. 'ஏக்கீய' என்பது முந்திய யாப்புகளின் சிங்களச் சொல்லே ஆதலின் சிங்கள வாசகர்க்கு எதுவும் மாறியதாகத் தோன்றாது. ஒற்றை என்பது ஒருமித்த என மாறியமையால் தமிழ் வாசகர்க்குப் பெரிதும் மாறியதாகத் தோன்றும். இரண்டும் ஒன்றுதானா என்பதே அடுத்த இரண்டு ஆண்டுகளின் மேடைகளிலும் ஏடுகளிலும் முழங்கிய பூசல். அறிக்கையின் ஆங்கில வடிவம், யுனைட்டட், யுனிட்டரி, இன்டிவிசிபிள் என்னும் சொற்கள் கைவசம் இருந்தும், அரசின் பெயருக்கு அவற்றுள் எதனையும் தெரியவில்லை. இணைப்பு மொழியின் வாக்கியத்தினுள்ளே சிங்களச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் மொழிபெயர்க்கப்படாமல், நடுவே ஒரு சாய்கோட்டுடன் அடுத்தடுத்து வைக்கப்பட்டன.